மினிட் புத்தகமும் பாவமன்னிப்பும்

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு வரலாம், காத்திருக்கிறேன்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்த அதே ஜெரோம்தான் நான். அம்மா மாதா கோயிலுக்குள் போவாள், நான் வெளியே டீக்கடையில் உட்கார்ந்து அவள் வரும்வரை மதத்தை விமர்சித்துக்கொண்டிருப்பேன். பத்தொன்பது வயதில் விட்ட பூசையைக் கடல் தாண்டி இந்த மலாய் நாட்டுக்கு வந்துதான் மறுபடி பிடித்தேன். பக்தி முற்றிவிட்டது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். இங்கே என்னைப் போன்ற வெளிநாட்டவன் பத்துப் பேரோடு உட்கார்ந்து பேச வேறு இடம் கிடைக்கவில்லை.

மனைவி ஸ்டெல்லா இந்த நாட்டுக்காரி, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவள். அவள் பெயரில் கிடைத்த நீண்டகாலம் தங்கும் பாஸில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பாஸைப் புதுப்பிக்க ஒரு வரிசை, வேலை செய்யும் அனுமதிக்கு இன்னொரு வரிசை, நிரந்தர வசிப்புரிமை, அதாவது பிஆர், கேட்டுப் போட்ட விண்ணப்பம் என்ன ஆனது என்று விசாரிக்க மூன்றாவது வரிசை. கல்யாணமான புதிதில் என் மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாப்ள, ஊர்ல நீங்க என்னவா வேணா இருந்திருக்கலாம். இங்க அந்தத் தோழர், கம்யூனிஸ்ட் பேச்செல்லாம் வாயில எடுக்காதீங்க. எங்கப்பா காலத்துல அந்த ஒரு வார்த்தைக்காக வெள்ளக்காரன் எஸ்டேட்ட சுத்தி முள்வேலி போட்டு ஆளுங்கள உள்ள அடைச்சான்."

நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு செங்கொடிக் கம்பம் இருக்கும், ஆடு அதில் உரசிக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு வார்த்தைக்கு ஒரு தலைமுறையே பயந்திருக்கிறது என்பது எனக்குப் புதிது. நானும் வாயில் எடுக்கவில்லை. கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

சுங்கை வே என்ற புறநகரில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டைச் சுற்றியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். அதற்கு அன்பியம் என்று பெயர். எங்கள் அன்பியத்தின் முறை வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையில் வாசிக்கும் மன்றாட்டுகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது, கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். எழுதினேன். "சாலைப் பணியில் உள்ள தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகள் உடனடியாக வழங்கப்பட வேண்டுமென ஆண்டவரை வலியுறுத்துகிறோம்." பங்குச்சாமியார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ப்ரதர், இது ப்ரேயரா, மெமோரண்டமா? ஆண்டவருக்கே டெட்லைன் குடுத்திருக்கீங்க லா."

'வலியுறுத்துகிறோம்' என்பதை அடித்துவிட்டு 'மன்றாடுகிறோம்' என்று எழுதினேன். இதுவரை எல்லாம் வேடிக்கைதான். நான் இன்று எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல. போன திங்கட்கிழமை லேபர் ஆபீஸில் ஒரு அதிகாரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதே கேள்வியை ஒரு வருடத்துக்கு முன் வேறொருவரும் கேட்டிருந்தார், அப்போது நான் பொய் சொன்னேன்.

2

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் பதிமூன்று வருடமாகப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். லிஃப்ட், மோட்டார், குழாய், ஏர்கான் எல்லாம் என் பொறுப்பு. துப்புரவு மட்டும் காண்ட்ராக்ட். அந்தக் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர் லூர்து அக்கா. எங்கள் ஃப்ளாட்டிலேயே இரண்டாம் மாடி, நாங்கள் ஏழாவது. எங்கள் அன்பியம்தான் அவரும்.

அவரை முதலில் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்காவது மாடியில் குழாய் வெடித்து, தண்ணீர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வரைபடத்தைப் புரட்டிக்கொண்டு நிற்கிறேன். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வால்வு அந்தப் பக்கம் பொய்க்கூரைக்கு மேல இருக்கு தம்பி, வாங்க காட்றேன்" என்றார். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் ஒரு வணக்கம், வாரத்தில் இரண்டு நாள் ஊர்க்கதை.

காண்ட்ராக்டர் அருளப்பன் அண்ணன் எங்கள் கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவையின் தலைவர். அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். ஸ்டெல்லாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது தன் காரில் கூட்டிக்கொண்டு போய், மாலை வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர். கிதார் வாசித்துக்கொண்டு பாடினால் கோயிலே கூடப் பாடும். அவர் கம்பெனிக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப் பெயர் வரும். தொழிலாளிகள் புதிதாகச் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள். சட்டையின் முதுகில் உள்ள எழுத்து மாறும், வாளியும் லூர்து அக்காவும் மாறுவதில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஊரில் இதைப் பற்றி மட்டும் நாலு துண்டறிக்கை எழுதியவன்.

போன வருடம் ஈரப் படிக்கட்டில் வழுக்கி லூர்து அக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. வேலை போயிற்று. சேர்ந்து நான்கே மாதம்தான் ஆகிறது, அதனால் தருவதற்கு எதுவும் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர் ஊன்றுகோலோடு என் அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"நான் எத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியும்ல தம்பி? ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. லேபர் ஆபீஸ்ல கேக்குறாங்க."

அந்த வாரம்தான் என் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்துக்கு ஆதரவுக் கடிதம் தருவதாக அருளப்பன் அண்ணன் சொல்லியிருந்தார். ஊரில் மதிப்புள்ள ஆள், அவர் கடிதத்துக்கு எடை உண்டு. ஒன்பது வருடம் என்று என் வாய்வரை வந்தது.

"எனக்குச் சரியாத் தெரியாதேக்கா. ஆபீஸ்ல கேட்டுப் பாருங்களேன்."

அவர் தாளை நாலாக மடித்தார். "சரி தம்பி, நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இயேசுவைத் தெரியாது என்று மறுத்த பேதுருவுக்காவது சேவல் கூவியது. என் ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போனது, அவ்வளவுதான்.

3

எங்கள் தெருவில் என் வயதுக்காரன் தாமஸ். நான் கட்சியில் சேர்ந்த வருடம் அவன் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உப்பு லாரிகள் நிற்கும் எடைமேடைச் சுவரில் உட்கார்ந்து சண்டை போடுவோம். உலகத்தில் அநியாயம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் சண்டை. மனிதன் மனதிலிருக்கிற பாவத்திலிருந்து என்பான் அவன். உற்பத்தி உறவிலிருந்து என்பேன் நான்.

"ஏல, உற்பத்தி உறவ மாத்திப்புட்டா, பொய் சொல்லுதவன் பொய் சொல்லாம இருந்துருவானா?" என்பான்.

"ஒங்க கோயிலுக்கு வார மொதலாளி மட்டும் என்னல? சாமியார்ட்ட பாவமன்னிப்பு வாங்கிட்டு வெளிய வந்து அதே கூலியத்தான குடுக்கான்" என்பேன்.

தாமஸ் இப்போது ஊரில் பங்குச்சாமியார். உப்பளப் பெண்களோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறான், பிரசங்கத்தில் சமூக அமைப்பிலேயே பாவம் இருக்கிறது என்கிறான். நான் இங்கே முழங்காலில் நிற்கிறேன். இருவரும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டோம். லூர்து அக்கா தாளை மடித்துக்கொண்டு போன பிறகு, அன்று நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் எறிந்த இரண்டு கல்லும் என் தலையிலேயே விழுந்ததாகத் தோன்றியது. உற்பத்தி உறவைக் கரைத்துக் குடித்தவன்தான் பொய் சொன்னான்.

ஊரில் எங்கள் கட்சிக் கிளைக்கூட்டம் சைக்கிள் கடை மாடியில் நடக்கும். அங்கே சுயவிமர்சனம் என்று ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவர் எழுந்து நின்று, எல்லார் முன்பும், தன் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டும். சாக்கு சொல்லக் கூடாது. ஒருமுறை உப்பள வாசல் மறியலுக்கு வராமல் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். எழுந்து நின்றேன், சொன்னேன். எதிரில், மறியலில் நாள் முழுக்க வெயிலில் நின்ற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 'தோழர் ஜெரோம் தனது குட்டி முதலாளித்துவ ஊசலாட்டத்தை ஏற்றுக்கொண்டார்' என்று கூட்ட நடவடிக்கைகளைக் குறிக்கும் மினிட் புத்தகத்தில் எழுதினார்கள். நான் போய்ச் சாப்பிட்டது ஒரு பிளேட் பிரியாணி.

அந்த வரியை அடுத்த மூன்று ஆண்டறிக்கையிலும் வாசித்தார்கள். சரி, போகட்டும், விடு என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எங்களிடம் ஒரு சடங்கு இல்லை. அம்மாவின் கோயிலில் அது இருந்தது, ஆனால் அங்கே மினிட் புத்தகம் கிடையாது. சொன்னது பாவமன்னிப்புக் கூண்டைத் தாண்டாது. எது மேல் என்று அந்த வயதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

4

இந்தத் தவக்காலத்தில், பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"ஒரு பொய் சொன்னேன் ஃபாதர். தெரிஞ்சதத் தெரியாதுன்னு சொன்னேன்."

"அதனால யாருக்கும் கஷ்டமா?"

"ஆமா."

"அவங்களுக்கு உங்களால ஆனதப் பாருங்க. அஞ்சு பரலோக மந்திரம் சொல்லுங்க."

யார், என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்தையும் சொன்னேன். நிஜமாகவே உடம்பு லேசாக இருந்தது. ஃப்ளாட்டுக்கு வந்தால் லிஃப்ட் கெட்டிருந்தது. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், காய்கறி வாங்கிய பாசார் பையைப் படியில் வைத்துவிட்டு, லூர்து அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது அவர் வீட்டிலேயே உட்கார்ந்து கீழே இருக்கும் கடைக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடித்துக் கொடுக்கிறார். "என்ன தம்பி, கோயில்லருந்தா?" என்றார். பையை வாங்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வைத்தேன். ஐந்து மாடி மேலே ஏறுவதற்குள் அந்த லேசு போய்விட்டது.

மகள் அருணாவுக்குப் பதினேழு வயது. ஞானஸ்நானப் பெயர் மரியா, வீட்டுப் பெயர் செங்கொடியின் சிவப்பை நினைத்து நான் வைத்தது. இரண்டு பெயருக்கும் உரிய இடத்துக்கு அவள் வருவதில்லை. பூசைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, தமிழ் வாசிக்கத் தெரியாது, இந்தக் குறிப்பையும் அவள் படிக்கப் போவதில்லை. அன்று சமையலறையில் மெகி நூடல்ஸ் கிளறிக்கொண்டிருந்தவளிடம் ஏனோ எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸோ, காட் மன்னிச்சிட்டார். ஓகே. ஆன்டி?"

"ஆன்டிகிட்ட இன்னும் சொல்லலமா."

"தென் ஹவ் கேன், பா? யார்கிட்ட தப்பு பண்ணீங்களோ அவங்கள பைபாஸ் பண்ணிட்டு நேரா மேல போய்ட்டீங்க லா."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவர் எடைமேடைச் சுவரில் வருடக்கணக்காகப் பேசியும் வந்து சேராத இடத்துக்கு, அவள் நூடல்ஸ் வேகும் நேரத்தில் வந்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

தாமஸுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். குரல்பதிவு வந்தது. "ஏல ஜெரோம், ஆதிச் சபையில பெரிய பாவத்த எல்லாரும் பாக்கத்தான் ஏத்துக்கிட்டாவ. கூண்டுக்குள்ள காதோட காதா சொல்லுதது எல்லாம் பொறவு வந்ததுதான்."

"ஏல, அப்ப எங்க சுயவிமர்சனம் ஒங்ககிட்டருந்து களவாண்டதா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும், திருப்பிக் குடுத்துராத. இப்ப ஒனக்குத்தான் தேவை."

5

அடுத்த அன்பியக் கூட்டம் லூர்து அக்கா வீட்டில். சின்னக் கூடம், பதினான்கு பேர், தரையில் பாய். பேரவைத் தலைவர் என்ற முறையில் அருளப்பன் அண்ணனும் கிதாரோடு வந்திருந்தார். லூர்து அக்காவிடம், "இடுப்பு எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். என் தோளைத் தட்டி, "லெட்டர் ரெடி ப்ரதர், கார்ல இருக்கு, போறப்ப வாங்கிக்குங்க" என்றார். ஒரு வருடமாக அவருக்கு நேரம் அமையாமல் இழுத்துக்கொண்டிருந்த கடிதம். அன்று பார்த்து ரெடி.

பைபிள் வாசகம் முடிந்து, அவரவர் அனுபவத்தைச் சொல்லும் பகிர்வு தொடங்கியது. பகிர்வை எல்லாரும் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். பழக்கம்.

"தோழர்களே," என்றேன்.

பதினெட்டு வருடம் வாயில் எடுக்காத வார்த்தை. மூலையில் இருந்த ஒரு பெரியவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தினால் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை.

"நான் செஞ்ச ஒரு தப்பச் சொல்ல எந்திரிச்சிருக்கேன். போன வருஷம் லூர்து அக்கா, எத்தனை வருஷமா வேலை பாக்குறேன்னு எழுதிக் கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். ஒன்பது வருஷமாத் தெரியும். அருளப்பன் அண்ணே எனக்கு லெட்டர் குடுக்க இருந்தாங்க, அது போயிரக் கூடாதுன்னு சொன்னேன். அவங்க அப்படிச் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

சைக்கிள் கடை மாடியில் எழுந்து நின்றதைவிட இது கஷ்டம். அங்கே இழப்பதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

அருளப்பன் அண்ணன் தொண்டையைச் செருமினார். "ப்ரதர், இது ப்ரேயர் மீட்டிங். பிஸினஸ் மேட்டர் வெளிய பேசிக்கலாமே." யாரோ ஒரு ஆன்டி, சங்கடம் தாங்காமல், மாதா பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"பாட்டு இருக்கட்டும்," என்றார் லூர்து அக்கா நாற்காலியில் இருந்தபடி. பாட்டு நின்றது.

"மன்னிப்பெல்லாம் அப்பவே குடுத்தாச்சு தம்பி. ஒரே படிக்கட்டு, தெனம் உங்க மூஞ்சியப் பாக்கணும்ல? அத விடுங்க. திங்கக்கெழம லேபர் ஆபீஸுக்கு வருவீங்களா, மாட்டீங்களா? அதச் சொல்லுங்க."

"வரேங்க்கா," என்றேன்.

"அப்ப உக்காருங்க. பாட்டப் பாடுங்கம்மா."

முடிந்ததும் அருளப்பன் அண்ணன் பலகாரம் தொடாமல் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "லெட்டர் விஷயம் அப்புறம் பாக்கலாம் ப்ரதர்" என்றார். குரலில் கோபம் இல்லை, முகத்தைத்தான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த மனிதர். எனக்குப் பயமாகவும் இருந்தது, அவரை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க நான் விரும்பவில்லை.

6

ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து லேபர் ஆபீஸுக்கான அறிக்கையைத் தமிழில் எழுதினேன். ஸ்டெல்லா மலாயில் ஆக்கிக் கொடுத்தாள். 'வலியுறுத்துகிறோம்' என்ற சொல்லை அடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அருணா தட்டச்சு செய்தாள். நடுவில் நிறுத்தி, "பா, பிஆர் கெடைக்கலன்னா?" என்று கேட்டாள். "காத்திருக்கணும்மா" என்றேன். "நீங்க ஆல்ரெடி அதத்தானே பண்றீங்க" என்று சொல்லிவிட்டு மேலே தட்டினாள்.

கடிதம் இல்லாமல் விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது. கவுண்டரில் கேட்டால், காத்திருங்கள் என்கிறார்கள். பரலோக ராஜ்யத்துக்கும் வர்க்கமற்ற சமுதாயத்துக்கும் காத்திருந்து பழகியவனுக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று தாமஸ் கேலி செய்கிறான். பெரிதுதான். எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை.

திங்கட்கிழமை லூர்து அக்காவைக் கிராப் வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நம்பர் வாங்கி உட்கார்ந்தோம். அதிகாரி இளம் வயது மலாய்ப் பெண். தாள்களைப் பொறுமையாகப் பார்த்தார். என் பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்: "பெராபா தாஹுன் டியா கெர்ஜா டி சானா?" அங்கே இவர் எத்தனை வருடம் வேலை பார்த்தார்?

"செம்பிலான் தாஹுன்," என்றேன். ஒன்பது வருடம். அறிக்கையில் அதைத்தான் எழுதியிருந்தோம். ஒரு வருடம் தாமதமாக வந்த பதில், குரல் தெளிவாகத்தான் வந்தது. அவர் படிவத்தில் எழுதினார்.

லூர்து அக்கா என் கையைத் தொட்டார். "பத்து, தம்பி."

"இல்லக்கா, ஒன்பதுதான். குழாய் வெடிச்ச அன்னிக்குத்தானே உங்கள மொத மொதல்ல பாத்தேன்."

"நான் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்துட்டேன். நீங்கதான் என்னைப் பாக்கல. இல்லன்னா வால்வு எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் குறை சொல்லவில்லை. தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று சொன்னார். நான் அந்தப் படிக்கட்டை நினைத்துப் பார்த்தேன். ஒரு வருடம், தினமும், அவர் துடைத்துக்கொண்டிருந்த ஈரத் தரையை ஓரமாகத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். வணக்கம்கூடச் சொல்லாமல். உழைக்கும் மக்களைப் பற்றி அத்தனை துண்டறிக்கை எழுதிய அதே ஜெரோம்.

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார்.

"செபுலோ," என்றேன். "செபுலோ தாஹுன். என் தப்பு."

அவர் ஒன்பதைக் கோடு போட்டு அடித்தார், பக்கத்தில் பத்து என்று எழுதினார். தாளை என் பக்கம் திருப்பி, அடித்த இடத்துக்கு நேராக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.